பதினெட்டு சிடியும் மூன்று டிவிடியும்

ராசிபுரத்தில் சரவணமுத்துவை அண்ணன் என்று சொல்லாதவர்கள் கிடையாது. பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான், கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறான், கல்யாண வீடுகளில் முன்வரிசையில் போய் உட்காருகிறான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன தகுதி வேண்டும். அவனிடம் பதினொரு வருடம் வேலை பார்த்த கோகிலவாணியும் வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். மனதுக்குள் மட்டும் ‘அவன்’ என்பாள். அவள் கதையைச் சொல்ல வந்த இடத்தில் நாமும் அந்த மரியாதையையே கொடுத்துவிட்டுப் போவோம்.

கோகிலவாணி தறிக்காரர் வீட்டுப் பெண். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு 2006இல் சரவணமுத்துவின் கடையில் சேர்ந்தாள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஆறுபடை வீட்டு முருகன் படங்கள் ஆறு. சேலை நெய்கிறவர்கள் வந்து பார்டர் வேண்டும், முந்தானை வேண்டும், உடலில் அள்ளித் தெளித்த பூவாகப் புட்டா வேண்டும் என்பார்கள். அவள் முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைவாள். பிறகு ஸ்கேன் செய்து, திரையில் கட்டம் கட்டமாகச் சரிபார்ப்பாள். ஒரு கட்டம் என்றால் தறியில் ஓர் இழை. ஒரு கட்டம் பிசகினால் மயிலின் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும். ஒரு டிசைனுக்கு நான்கு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். கல்யாணமாகி, கணவன் இளவழகன் போர்வெல் வண்டியோடு எட்டு மாதம் வடக்கே போய்விடுகிற வாழ்க்கையிலும் அவள் ஒரு நாள் வேலையை விட்டதில்லை. பதினொரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு டிசைன் வரைந்தாள்.

சரவணமுத்துவின் பங்கு என்னவென்று கேட்டால், அவன் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பான்.

“அந்த மயிலு கழுத்து இன்னுங்கொஞ்சம் சாயோணும் அம்மிணி” என்பான். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். திரும்பி வரும்போது அவள் சாய்த்திருந்தாலும் சாய்க்காமல் விட்டிருந்தாலும், “இப்பத்தான் உசுரு வந்துருக்குது” என்பான். பாதி நாள் அவள் சாய்ப்பதே இல்லை. வாடிக்கையாளர் வந்து, டிசைன் பிரமாதம் அண்ணே, யார் போட்டது என்று கேட்டால், நெஞ்சில் கையை வைத்து முருகன் படத்தைக் காட்டுவான். அதாவது போட்டது அவன், போட வைத்தது முருகன். நடுவில் கோகிலவாணி என்று ஒருத்தி இருப்பது இருவருக்குமே தெரியாது போல. அவளைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், “அதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக்குமுங்க. புள்ளை சும்மா அமுக்கிக் குடுக்கும்” என்பான்.

கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிடாமல் இருக்க, முடிந்த டிசைன்களை அவள் சிடியில் எழுதி வைப்பாள். ஒவ்வொரு சிடியின் மேலும் ‘சரவணமுத்து’ என்று அவனே பேனாவால் எழுதுவான். அந்த ஒரு வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டான்.

2009இல் அவள் ஒருமுறை வாயைத் திறந்து கேட்டாள்.

“டிவிடி ரைட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டா நல்லா இருக்குமுங்கண்ணா. ஆறு சிடியில புடிக்கறது ஒரே டிவிடியில புடிக்கும்.”

“டிவிடிங்கறது படம் பாக்கறதுக்கு அம்மிணி. தொழிலுக்குச் சிடிதான்.”

அவனுக்குப் புரியும்படி சொன்னால் புரிந்துவிடும் என்று அப்போது அவள் நம்பியிருந்தாள். வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

“தட்டோட அளவு ஒண்ணேதானுங்க. துணியில அகலத்தை மாத்தாம சன்ன நூலுப் போட்டா எழை கூடுதலாப் புடிக்குதல்லங்க, அதாட்டத்தான். சிடியில எழுதற கோடு தடிசு. டிவிடியில சன்னம். எழுதற வெளிச்சமே சன்னமான வெளிச்சமுங்க.”

சரவணமுத்து யோசித்தான். யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

“சன்னம்னா சீக்கிரம் அறுந்துக்கும்” என்றான். தறியில் ஒரு நாள் உட்காராதவன் நூலுக்குச் சொன்ன தீர்ப்பு அது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

கோகிலவாணி தன் காசில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் டிவிடி ரைட்டரும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டாள். கடையில் இருந்ததையெல்லாம் பென் டிரைவில் கொண்டுபோய் டிவிடியில் எழுதினாள். பார்டருக்கு ஒரு டிவிடி, முந்தானைக்கு ஒன்று, புட்டாவுக்கு ஒன்று. அதன் பிறகு போட்ட டிசைன்களையும் மாதாமாதம் அந்தந்த டிவிடியில் சேர்த்துக்கொண்டே வந்தாள். திருட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. தான் வரைந்தது எங்காவது ஓர் இடத்தில் அவன் பெயர் எழுதப்படாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

இனி ஆயுத பூஜைக்கு வருவோம். அன்றைக்குக் கடையில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கம்ப்யூட்டருக்கு, மவுசுக்கு, கால்குலேட்டருக்கு, ஸ்டேப்ளருக்கு, சுவிட்ச் போர்டுக்கு. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான், குற்றமில்லை. ஆனால் சரவணமுத்து சிடிக்களை உறையிலிருந்து எடுத்து வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் மூன்று பொட்டு வைப்பான். நடுவில் ஓட்டை இருக்கிறதே என்ற மரியாதையில் அதைச் சுற்றி வைப்பான். ஒரு வருடம் அப்படியே காயும். அடுத்த ஆயுத பூஜைக்கு முன்தினம் பழைய பொட்டை எடுத்துவிட்டுத்தானே புதுப் பொட்டு வைக்க வேண்டும். காய்ந்து இறுகிய சந்தனத்தை நகத்தால் சுரண்டுவான். போகாவிட்டால் விளக்குத் தேய்க்கும் தேங்காய் நாரால் தேய்ப்பான். பளபளக்கும் அடிப்பக்கம் தரையில் படாதபடி கீழே துண்டு விரித்துக்கொள்வான். அந்தக் கவனத்தைப் பார்த்தால் கண்ணில் நீர் வரும்.

சிடிக்கு உயிர் அடிப்பக்கத்தில் இருக்கிறது என்றுதான் ஊரில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். முகம் தெரிகிற பக்கத்தில் விரல் படாமல் பொத்திப் பொத்தித் தூக்குவார்கள். மேல்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதுவார்கள், டீ கிளாஸ் வைப்பார்கள். நிலைமை நேர் எதிர். அடியில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். எழுதியதெல்லாம் இருப்பது மேல்பக்கத்தில், மெல்லிய ஒரு பூச்சுக்குக் கீழே. முகம் பார்க்கும் கண்ணாடியில் பின்னால் பூசிய ரசம் மாதிரி. பின்பக்கம் சுரண்டினால் ரசம் உரிந்து வந்துவிடும், அப்புறம் அது கண்ணாடி இல்லை. டிவிடியில் இரண்டு மெல்லிய தட்டுகளைச் சேர்த்து ஒட்டி, எழுதுவதை அவற்றின் நடுவில் வைத்திருக்கிறார்கள். மேலே பொட்டு வைத்தாலும் சுரண்டினாலும் உள்ளே எட்டாது.

இதைக் கோகிலவாணி அவனிடம் சொல்லாமல் இல்லை. இரண்டாவது வருடமே சொன்னாள்.

“மேல சுரண்டுனா எழுதுனது போயிருமுங்கண்ணா.”

“சாமிக்கு வெக்கற பொட்டுல கெட்டுப்போற பொருளு எனக்கு வேண்டாம் அம்மிணி” என்றான் சரவணமுத்து. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். ஊரில் தலையாட்டுகிறவர்களுக்குப் பஞ்சமா என்ன. அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

2017 கார்த்திகையில் சேலத்தில் ஒரு நெசவுப் பயிற்சி நிலையத்தில் டிசைன் சொல்லித் தரும் ஆசிரியர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். விண்ணப்பத்தோடு, வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் வேண்டும்: இந்த நபர் இத்தனை வருடம் இங்கே டிசைன் வரைந்தார் என்று. சனிக்கிழமை கடைசி நாள். அந்தக் கடிதம் ஒன்றுதான் கோகிலவாணிக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்தால் சொந்தப் பெயரோடு ஒரு வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல். திங்கட்கிழமை கேட்டாள்.

“டிசைன் வரைஞ்சேன்னு எழுதோணுமா?” சரவணமுத்துவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. “மவுசு புடிச்சு இழுத்ததுக்கெல்லாம் அப்புடி எழுத முடியுமா சாமி? நாளைக்கு நானும் பதில் சொல்லோணுமல்ல.”

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றது. பழுது பார்க்க வந்தவர் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததை மறந்துவிடச் சொன்னார். தை மாத முகூர்த்தச் சேலைகளுக்குப் பெரிய ஜவுளிக்கடை ஒன்று பழைய டிசைன்கள் அத்தனையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் ஆள் வருவதாகப் பேச்சு. சரவணமுத்து பதறவில்லை. அதுக்குத்தான் சிடி இருக்குதல்ல என்றான். புது டிஸ்க் போட்டு, பதினெட்டு சிடியையும் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். முதல் சிடி சுற்றியது, சுற்றியது, கடைசியில் எதுவும் இல்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. பதினெட்டில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

அவன் உடனே தன் மகள் ஜெயப்பிரியாவின் கல்யாண டிவிடியை எடுத்து அதே டிரைவில் போட்டான். அதற்கும் ஆறு வருடமாகப் பொட்டு உண்டு, சுரண்டலும் உண்டு. போட்டதும் நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை அழைப்பு தெளிவாக ஓடியது.

“பாத்தயா?” என்றான். “பொட்டுனால கெட்டுருந்தா இதுவுமல்ல கெட்டுருக்கோணும். நீ சிடியில சரியா எழுதல அம்மிணி. பதனோரு வருசமா என்ன பண்ணீட்டிருந்த?”

கோகிலவாணிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம். இவ்வளவு முட்டாள்தனத்தை இவ்வளவு நிம்மதியாகச் சுமக்க ஒரு மனிதனால் எப்படி முடிகிறது. ஒரு சிடியை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். பொட்டு வைத்த இடமெல்லாம் பூச்சு உரிந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தது. அடுத்து டிவிடியைப் பிடித்தாள். ஒரு பொத்தல் இல்லை.

“சிடியில எழுதுனது மேல இருக்குதுங்க. அதைத்தான் நீங்க வருசா வருசம் சுரண்டிப் போட்டீங்க. டிவிடியில நடுவுல இருக்குது, உங்களுக்கு எட்டல.”

அவன் சிடியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். பொத்தல் வழியே அவன் கண் தெரிந்தது. “அப்ப கம்பெனிக்காரன் மோசம் பண்ணீட்டான்” என்றான். பழி போட ஆள் தேடுவதில் மட்டும் அவன் மூளை பட்டென்று வேலை செய்யும்.

புதன்கிழமை முழுவதும் அவன் சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் சிடிக்களோடு பஸ்ஸில் அலைந்தான். போன கடையிலெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை காலையில் கோகிலவாணி சொன்னாள், எல்லா டிசைனும் தன் வீட்டில் மூன்று டிவிடியில் இருக்கிறது என்று.

“என்ற டிசைனை உன்ற ஊட்டுல வெச்சிருக்கறயா?” என்று குரலை உயர்த்தினான். உயர்த்திய வேகத்திலேயே கணக்குப் போட்டுக் குரலை இறக்கினான். “நீ மகராசியா இருப்ப சாமி. போயி எடுத்துட்டு வா.”

“கடுதாசி எழுதிக் குடுங்கண்ணா. எடுத்துட்டு வாரேன்.”

அவன் மறுப்பே சொல்லவில்லை. அவள் டிவிடிகளோடு திரும்பி வந்தபோது கடிதம் தயாராக இருந்தது. உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான். “ஊட்டுல சாமி படத்துக்கு முன்னால வெச்சு, கும்புட்டுட்டுப் பிரி” என்றான். மஞ்சள் தடவிய உறையை அந்த இடத்திலேயே கிழித்துப் படிக்க அவளுக்குக் கை வரவில்லை. இங்கே அவளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதினொரு வருடம் ஒருவனை மனதுக்குள் ‘அவன்’ என்று சொன்னவள், அவனுக்கு எதிரே ஓர் உறையைப் பிரிக்கக் கூச்சப்பட்டாள். மனதுக்குள் காட்டுகிற வீரத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

வீட்டில் பிரித்தாள். ‘கோகிலவாணி என்பவர் எமது கடையில் பதினொரு ஆண்டுகள் கம்ப்யூட்டர் இயக்கி வந்தார். நன்னடத்தை உடையவர். சிடிக்களைப் பத்திரமாக வைத்திருந்தார்.’ கீழே கையெழுத்து, கடை முத்திரை, மேலே முருகன் துணை. கடையில் பத்திரமாக இருந்த சிடி ஒன்றுகூடக் கிடையாது. அவள் பத்திரமாக வைத்திருந்தது டிவிடி. அதைக்கூட அவனால் சரியாக எழுத முடியவில்லை. கோகிலவாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அழுகை வந்தது. அழுதாள். ஏமாந்ததற்காக அழுதாளா, இப்படிப்பட்டவனிடம் ஏமாந்ததற்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

“அம்மிணி, மூணுலயும் ஒண்ணுமே இல்லையே. வெறும் தட்டுன்னு சொல்லுது.”

ஒரு கணம் அவளுக்கும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. டிவிடியில் எழுதி முடித்ததும் அதை மூட வேண்டும். மூடிவிட்டால் அதன் பிறகு ஓர் எழுத்துகூடச் சேர்க்க முடியாது. அவள் மாதாமாதம் சேர்த்துக்கொண்டே வந்ததால் மூன்றையும் மூடாமலே வைத்திருந்தாள். மூடாத டிவிடியை எழுதிய டிரைவ் படிக்கும். வேறு டிரைவ் சில சமயம் படிக்கும், சில சமயம் காலி என்று கைவிரிக்கும். கடையில் இருந்தது சிடி எழுதவும் டிவிடி படிக்க மட்டும் செய்யவுமான பழைய டிரைவ். மகள் கல்யாணத்தைப் பார்ப்பதற்காக அவன் வாங்கிப் போட்டது. அவள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. செய்திருந்தால் நமக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

“என்ற டிரைவுல போட்டு மூடோணுமுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டு வாங்க” என்றாள். “கடை முத்திரையும் லெட்டர் பேடும் எடுத்துட்டு வாங்க.”

அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். பதினொரு வருடத்தில் அவள் வீட்டுக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பழைய கடிதத்தை அவன் எதிரிலேயே இரண்டாகக் கிழித்தாள். மஞ்சள் பட்ட உறையையும் சேர்த்துக் கிழித்தாள்.

“நான் சொல்லச் சொல்ல எழுதுங்கண்ணா.”

மணியைப் பார்த்தான். ஜவுளிக்கடை ஆள் பத்து மணிக்கு வருகிறார். பேனாவை எடுத்தான். அவள் சொன்னாள்: எமது கடையின் பெயரில் வெளிவந்த நானூற்றுப் பன்னிரண்டு பட்டுச் சேலை டிசைன்களையும் வரைந்தவர் கோகிலவாணி. ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் பேனா நின்றது. அவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். அங்கே முருகன் படம் இல்லை, இளவழகன் போர்வெல் வண்டிக்கு முன்னால் நிற்கும் போட்டோதான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“முருகா, என்ற பொழப்புக்காக ஒரு பொய் எழுதறன். மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு எழுதினான்.

கோகிலவாணி அவன் முகத்தையே பார்த்தாள். தந்திரம் தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அவன் நெஞ்சறிய நிஜமாகவே பாவம் செய்துகொண்டிருந்தான். இத்தனை வருடம் அவனைத் திருடன் என்று நினைத்து வெறுத்திருந்தாள். திருடனுக்காவது பொருள் யாருடையது என்று தெரியும்.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததும் கடிதத்தைப் போனில் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு கோப்பை எழுத வேண்டும். மூன்று டிவிடியிலும் அந்தக் கடிதத்தையே எழுதி, மூடினாள். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் ஆயிற்று. அது என்ன என்று அவன் கேட்கவில்லை. திரையில் மயில்களும் மாங்காய்களும் வரிசையாக வருவதைப் பார்த்து, “அந்தக் கழுத்து நான் சொன்னதுக்கப்பறந்தான் சாஞ்சுது” என்றான்.

மூன்றையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். வாசலில் நின்றான். கஷ்டப்பட்டு ஒரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டோமே, அந்தப் பெண் போன இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற நிஜமான கவலை அவன் முகத்தில் இருந்தது.

“போற எடத்துல பாத்துப் பேசிக்கோ சாமி” என்றான். “ஒரு பேப்பரைக் குடுத்து, வரைஞ்சு காட்டுன்னு சொன்னாலும் சொல்லுவாங்க.”